பாதிச் சொல்லும் வில்கமுவ யானையும்

மாப்பிள்ளை,

உன் கொப்பி இன்னும் கராம்பு மணக்கிறது. நீ போய் பதினொரு மாதம் ஆகிறது. உன் சட்டையில் மணம் போய்விட்டது, உன் தலையணையிலும் போய்விட்டது. இந்தக் கொப்பியில் மட்டும் அது வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப் போல அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

இன்று காலை ஆஸ்பத்திரி கிளினிக் பெஞ்சில் இருந்தபோது உன் பொண்டாட்டி, அதாவது என் கூடப் பிறந்த தங்கை, பையிலிருந்து இரண்டு கிளினிக் கொப்பிகளை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒன்று புதுசு, அவளுடையது. மற்றது பிரவுன் பேப்பர் உறை போட்ட உன்னுடையது.

"ரெண்டையும் பத்திரமா வெச்சிருங்கண்ணே. இந்தத் தடவ மாத்திறாதீங்க" என்றாள். சொல்லிவிட்டு ஈசிஜி எடுக்கும் அறைக்குள் போய்விட்டாள்.

உனக்குத் தெரியும், என் வாய் அடைபட்டதாகச் சரித்திரத்திலேயே கிடையாது. என்னைப் பாம்பு கடித்தாலும் அதற்கு நாலு வார்த்தை புத்தி சொல்லிவிட்டுத்தான் மயங்கி விழுவேன். ஆனால் இன்று அந்தப் பெஞ்சில் ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர், "நம்பர் என்னாங்க?" என்று மூன்று தடவை கேட்டார். நான் உன் கொப்பியை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மெதுவாக எழும்பி அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

பலாபத்வலைக்குப் பக்கத்தில், ஏ-ஒன்பது ரோட்டோரத்து ஸ்பைஸ் கார்டனில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அப்போது நீ என்னை "டேய்" என்றுதான் கூப்பிடுவாய். என் தங்கையைக் கட்டிய மறுநாள் "வாங்க மச்சான்" என்றாய். அந்த ஒரே 'வாங்க'வில் எனக்கு நாற்பது வயது கூடிவிட்டது. இன்றுவரை அது குறையவில்லை.

முதலாளி நமக்கு இலாகா பிரித்துக் கொடுத்தார். முதலில் எனக்குக் கிடைத்தது தலைமுடி எண்ணெய். வெள்ளைக்காரர்கள் போத்தலைப் பார்ப்பார்கள், பிறகு முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் என் மொட்டைத் தலையைப் பார்ப்பார்கள், பிறகு பஸ்ஸைத் தேடிப் போய்விடுவார்கள். ஆறே மாதத்தில் என்னை முழங்கால் வலிக்கு மாற்றினார்கள். உனக்குக் கிடைத்தது இதயம். ராஜ இலாகா. கறுவாப்பட்டையை இரண்டாக ஒடித்து அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவாய். உன் நெஞ்சில் கையை வைத்து, கண்ணை மூடி, "கூட் ஃப்யூர் தாஸ் ஹெர்ட்ஸ்" என்பாய். ஜெர்மன்காரிகள் அப்படியே உருகிப்போவார்கள். ஏழு பாஷையில் 'இதயத்துக்கு நல்லது' என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதன், மாத்தளை மாவட்டத்தில் மட்டுமல்ல, பூமியிலேயே நீ ஒருவன்தான். அந்த வசனங்களையெல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி, பிரவுன் பேப்பர் உறை போட்டு, கார்டனில் நம் குடிலில் இருந்த பழைய கராம்பு டின்னுக்குள் வைத்திருந்தாய். அந்த வசனக் கொப்பியை மனதில் வைத்துக்கொள். அது பிறகு வரும்.

வில்கமுவ உனக்கு நினைவிருக்கும். நம்மோடு வேலை செய்த சிங்கள நண்பரின் மகளுக்குக் கல்யாணம் என்று அவ்வளவு தூரம் போனோம். வயல், வயல், வயல், அதற்கு அப்பால் இன்னும் வயல். பஸ் என்பது அங்கே அவதாரம் போல எப்போதாவதுதான் வரும். பந்தலில் சாப்பிட்டு முடித்து எழும்பினாய். நெஞ்சைத் தடவினாய். முகம் முழுக்க வேர்வை.

"கேஸ் மச்சான். பலாக்காய் ஒத்துக்கல."

நானும் வெறும் வாயு, 'கேஸ்' என்றுதான் நினைத்தேன். நம் ஊரில் நெஞ்சில் என்ன நடந்தாலும் அதற்குப் பெயர் கேஸ். இஞ்சி இடித்துக் கொடுத்தேன், முதுகில் தட்டினேன், ஏப்பம் விடு என்று கட்டளையிட்டேன். உன் இடது கை மரத்துப்போகிறது என்று நீ சொன்ன பிறகுதான் நண்பரின் தம்பி டிராக்டரைக் கொண்டுவந்தார். வைக்கோலைப் பரப்பி உன்னைப் படுக்க வைத்து, ஒவ்வொரு குழிக்கும் உன் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பிறகு ஆம்புலன்ஸ், பிறகு தம்புள்ளை. அங்கே ஈசிஜி பேப்பரைப் பார்த்த டொக்டர் "ஹார்ட் அட்டாக்" என்றார். நீ என்னைப் பார்த்தாய். உலகத்தில் உள்ள எல்லா இதயங்களுக்கும் பொறுப்பாக இருந்தவன், சொந்த இதயத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாதவனைப் போல முழித்தாய்.

அன்று சாயந்தரம் கட்டிலில் படுத்தபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"மச்சான், உங்க தங்கச்சிக்கிட்ட சொல்லாதீங்க. முட்டைய பஞ்சுல வெக்கிற மாதிரி என்னைய வீட்ல வெச்சிருவா. மகளுக்கு வேற பரீட்ச நடக்குது. அதோட ஹார்ட்டுக்குப் பொறுப்பான ஆளுக்கே ஹார்ட்டுனா, கார்டன்ல என்னா கதை? நீங்க மொட்டத் தலையோட முடி எண்ணெய் வித்த மாதிரிதான்."

சிரித்தேன். அதுதான் என் முதல் பிழை. இரண்டாவது பிழை, தங்கைக்கு ஃபோன் எடுத்தது.

"காட்டு யானை ரோட்ட மறிச்சிருச்சிம்மா" என்றேன். "ஒண்ணு ரெண்டு இல்ல, பதினேழு. நடுவுல ஒரு கொம்பன் பஸ் ஸ்டாண்டுலயே படுத்துக்கிட்டான். பஸ்ஸே ஓடல."

முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் சொன்னாள்: "அந்தக் கொம்பன்கிட்ட ஃபோனக் குடுங்கண்ணே. நான் பேசிக்கிறேன்."

ஐந்து நாள் அந்த யானையை நான் எழும்பவிடவில்லை. தினமும் அதற்கு ஒரு குணம் சேர்த்தேன். மூன்றாம் நாள் அது ஒரு வாழைத்தோட்டத்தை முடித்தது. நான்காம் நாள் அதற்கு வயிற்றுவலி. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி உன்னை வீட்டுக்கு விட்டார்கள், யானையும் காட்டுக்குள் போய்விட்டது. நீ நாலு கிலோ மெலிந்து வந்து நின்றாய். "யானை பார்த்த பயம்" என்றேன். அன்றிலிருந்து நம் வீட்டில் பொய்க்கு யானை என்று பெயராகிவிட்டது. உன் மகள்கூட நான் எது சொன்னாலும், "மாமா, இது நெசமா, யானையா?" என்று கேட்கத் தொடங்கினாள். நாம் இரண்டு பேரும் கண்ணடித்துக்கொள்வோம். அந்த யானையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்கு மட்டும்தானே தெரியும்.

மாதாமாதம் தம்புள்ளையில் கிளினிக். 'மொத்தச் சந்தையில் மரக்கறி மலிவு' என்று சொல்லிவிட்டுப் போவாய். சாட்சிக்கு ஒரு பை நிறைய பீட்ரூட், லீக்ஸ் தூக்கிக்கொண்டு வருவாய். என் தங்கை பீட்ரூட் சமைத்துச் சமைத்து உங்கள் வீட்டுச் சுவரே சிவந்துபோனது. மாத்திரைகளைச் சாதிக்காய் டப்பாவில் வைத்தாய். கிளினிக் கொப்பிக்கும் அதே பிரவுன் பேப்பர் உறையைப் போட்டு, வசனக் கொப்பியோடு சேர்த்து அதே கராம்பு டின்னில் ஒளித்தாய். "யாரும் கண்டுபிடிக்க ஏலாது மச்சான்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாய். எந்த நெஞ்சை!

இனி அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். இதில் நான் ஒன்றும் கூட்டப்போவதில்லை.

நீ பைப்படியில் பல் விளக்கிக்கொண்டிருந்தாய். வாளி விழுந்த சத்தம் கேட்டு பக்கத்து வீட்டிலிருந்து நான் ஓடிவந்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை துணி போலத் தொங்கியது. த்ரீவீலரில் உன்னை நடுவில் வைத்து, நானும் தங்கையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். நீ இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாய். என்னையே பார்த்து, "சொல்... சொல்..." என்றாய். மிச்சம் வரவில்லை. திரும்பத் திரும்ப அந்தப் பாதிச் சொல்தான். ஆஸ்பத்திரி வாசல்வரை, "சொல்... சொல்..."

அவசரப் பிரிவில் அந்த இளம் டொக்டர், பெண்பிள்ளை, கேள்விகளைச் சரசரவென்று கேட்டார். எத்தனை மணிக்குத் தொடங்கியது, பிரஷர் உண்டா, சீனி உண்டா. பிறகு, "முந்தி ஹார்ட் அட்டாக் வந்திருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திர ஏதாச்சும் எடுக்கிறாரா?"

"ஐயோ, ஹார்ட்டெல்லாம் இல்ல டொக்டர்" என்றாள் என் தங்கை. "கேஸ் மட்டும்தான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நீயும் என்னைப் பார்த்தாய். "சொல்..." என்றாய்.

மாப்பிள்ளை, நான் அதை 'சொல்லாதீங்க' என்று கேட்டேன். இரண்டரை வருஷமாக நீ எனக்குச் சொல்லிவந்தது அதுதானே. காது பழகிவிட்டது. அந்தச் சொல்லின் மிச்சத்தை நானே என் வசதிக்கு நிரப்பிக்கொண்டேன்.

அப்போதும் மனசு கேட்கவில்லை. தங்கையின் முகத்துக்கு நேரே வாயால் சொல்லத் தைரியம் இல்லை, பேப்பர் சொல்லட்டும் என்று நினைத்தேன். "ஒரு கொப்பி இருக்கு டொக்டர், இந்தா எடுத்திட்டு வந்திர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். த்ரீவீலரில் கார்டனுக்குப் போய், குடிலைத் திறந்து, கராம்பு டின்னுக்குள் கையை விட்டு, மேலே இருந்த பிரவுன் உறைக் கொப்பியை இழுத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் ரோட்டு வேலை, இரண்டு மணித்தியாலம் அதிலேயே போய்விட்டது. அந்த ரோட்டை ஒரு பாவி பதினேழு யானைகளை விட்டு மறித்தது போல இருந்தது எனக்கு.

டொக்டர் கொப்பியைத் திறந்தார். புருவம் சுருங்கியது. உரக்க வாசித்தார்:

"கறுவா எண்ணெய், மூணு சொட்டு, காலையில வெறும் வயித்தில. இதயம், மூளை, முழங்கால். சிரிச்சிக்கிட்டே சொல்லணும்." பக்கத்தைத் திருப்பினார். "இது என்னா பாஷை? கூட் ஃப்யூர்... இவர் என்னா மருந்துங்க எடுக்கிறாரு?"

வசனக் கொப்பி. அடியில் இருந்ததுதான் உன் கிளினிக் கொப்பி. ஒரே உறை, ஒரே மணம். உலகத்தில் வேறு எந்த இரண்டு முட்டாள்களாலும் செய்ய முடியாத பிழை அது.

அதன் பிறகுதான் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். வில்கமுவ, டிராக்டர், தம்புள்ளை, மாத்திரை, எல்லாம். டொக்டர் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். தம்புள்ளைக்கு ஃபோன் போனது. அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறதாம். அது எல்லாருக்கும் போடுவதில்லை, மாத்திரை விவரம் தெரியாமல் போடக் கூடாது, நேரம் தாண்டினாலும் கூடாது. விவரம் வந்து சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது.

என் தங்கை என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப யானை?" என்று மட்டும் கேட்டாள். நான் தலை குனிந்தேன். "பீட்ரூட்டு?" என்றாள். அதற்கும் குனிந்தேன்.

மூன்றாம் நாள் நான் அந்த டொக்டரைத் தனியாகப் பிடித்தேன். "என் மச்சான் எழும்பி நடப்பானா?" என்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"மூளையில அடைப்பு வந்த நெறையப் பேரு கொஞ்சம் கொஞ்சமா எழும்பி நடக்கிறாங்க ஐயா. ஆனா முந்தியே ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு ஆபத்து கூட. அடிபட்ட மூளை தேறணும்னா அதுக்கு நல்லா ரத்தம் போகணும். அத அனுப்புற இதயத்திலயே ஏற்கனவே தழும்பு. இவரோட இதயம் ரொம்பப் பலவீனம். இந்த அடைப்புகூட அங்கயிருந்து போன ரத்தக்கட்டியா இருக்கலாம்."

"நான் முதல்லயே சொல்லியிருந்தா?"

"தெரியாது ஐயா. வித்தியாசம் இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம்."

எனக்கு ஒரு யானை தேவைப்பட்டது, மாப்பிள்ளை. 'உங்க மேல பிழையே இல்ல' என்று அவர் ஒரு சின்ன, குட்டி யானையாவது விட்டிருக்கலாம். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. 'தெரியாது' என்ற அந்தச் சொல்லோடுதான் நான் எழும்புகிறேன், அதோடுதான் படுக்கிறேன்.

அந்த நாட்களில் ஒரு நாள் தங்கை உனக்குக் கரண்டியால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். உன் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, "பதினேழு யானையாமே, பதினேழு" என்றாள். நீ சிரித்தாய். முகத்தின் பாதி மட்டும் சிரித்தது. அதைப் பார்த்து அவளும் சிரித்து, பிறகு கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நான் வாசலிலேயே நின்றேன், உள்ளே வரவில்லை. உன் வலது விரல் லேசாக அசைகிறது என்று அன்றுதான் நர்ஸ் சொன்னார். மூளை திரும்பி வரப் பார்த்தது போல. இதயம்தான் காத்திருக்கவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம், நாங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் நிற்கும்போது அது நின்றுபோனது.

நீ போன பிறகு முதலாளி இதய இலாகாவை எனக்குக் கொடுத்தார். கறுவாப்பட்டையை ஒடிக்கிறேன். மூக்குக்கு நீட்டுகிறேன். இது இதயத்துக்கு நல்லதா என்று கேட்கிறார்கள். "வாசனைக்கு நல்லது" என்கிறேன். வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளி என்னைத் திரும்பவும் முழங்காலுக்கு மாற்றப் பார்க்கிறார்.

உன் மகள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். தங்கை என்னோடு தேவைக்கு மட்டும் பேசுவாள். பீட்ரூட் அந்த வீட்டுக்குள் வருவதே இல்லை. போன கிழமை பைப்படியிலிருந்து வாளியோடு படி ஏறிவந்தவள், நடுவில் நின்று நெஞ்சைத் தடவினாள்.

"என்னாம்மா?"

"கேஸ்ணே."

"யானையா?" என்று கேட்டேன்.

வாளியைக் கீழே வைத்தாள். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, "ரெண்டு மாசமா இருக்குண்ணே. படி ஏறுனா இறுக்குது, நின்னா விட்டிருது" என்றாள். அப்படித்தான் இன்று கிளினிக்குக்கு வந்தோம், இரண்டு கொப்பிகளோடு. உன்னுடையதை எதற்கு எடுத்துவந்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஈசிஜி எடுத்து, டொக்டரையும் பார்த்துவிட்டு அவள் வெளியே வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலானது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேஸ் இல்லண்ணே. ஹார்ட்டுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும் போலயாம். நல்ல நேரத்தில வந்தீங்கன்னாங்க. மாத்திர தந்திருக்காங்க, இன்னும் டெஸ்ட் இருக்கு."

நான் அவள் கொப்பியை அவளிடமே கொடுத்தேன். சரியான கொப்பிதானா என்று அவள் இரண்டு தடவை திறந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. உன் மகள்.

தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள். நீ அன்று தம்புள்ளைக் கட்டிலில் பிடித்தாயே, அதே மணிக்கட்டு.

"அண்ணே, பிள்ளக்கிட்ட சொல்லாதீங்க. இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கா, பயந்திருவா. கேஸ்னு சொல்லிருங்க."

மாப்பிள்ளை, என் வாய்க்குள் வசனம் தயாராக நின்றது. நல்ல வசனம். டொக்டர் அவளைப் பார்த்துவிட்டு, இந்த நெஞ்சுக்கு நூற்றிருபது வயது உத்தரவாதம் என்று முத்திரை குத்தியதாகச் சொல்லலாம். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு ஃபோனை வைத்திருப்பாள்.

உன் கொப்பி மடியில் இருந்தது. அந்த மணம் ஏறிவந்தது. த்ரீவீலருக்குள் நீ சொன்னது கேட்டது. "சொல்... சொல்..." அன்று நீ அதை எப்படி முடிக்க நினைத்தாய் என்று எனக்கு இனி எந்த ஜென்மத்திலும் தெரியப்போவதில்லை. இன்று நான் அதை 'சொல்லுங்க' என்று முடித்தேன். பிழையாக இருந்தால் பிறகு வந்து என்னோடு சண்டை பிடித்துக்கொள்.

"அம்மாவுக்கு ஹார்ட்ல பிரச்சினம்மா" என்றேன். "சின்னதுதானாம், ஆரம்பத்திலயே பிடிச்சிட்டாங்க. மாத்திர தந்திருக்காங்க. ஆனா கேஸ் இல்ல."

தங்கை என் மணிக்கட்டை விடவில்லை. ஃபோனைப் பறிக்கவுமில்லை.

பிள்ளை சின்னக் குரலில் கேட்டாள்.

"மாமா... யானையா?"

"இல்லம்மா" என்றேன். "யானை இல்ல."